வயலின் கற்றால் குழந்தையின் மூளை வளருமா?

கேள்வி இது: "என் மகளுக்கு ஆறு வயது நடக்கிறது. பக்கத்துத் தெருவில் வயலின் வகுப்பு இருக்கிறது, சேர்க்கலாமா என்று யோசிக்கிறோம். இசை கற்றால் மூளை நன்றாக வளரும், கணக்கும் தானாக வரும் என்கிறார் நாத்தனார். படிக்கிற நேரம்தான் வீணாகும் என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இசை கற்கும் குழந்தையின் மூளையில் மாற்றம் நடப்பது உண்மை. ஸ்கேன் எடுத்து அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த மாற்றம் தெளிவாகத் தெரிவது காதுக்கும் கைக்கும் உரிய பகுதிகளிலும், அவற்றை இணைக்கும் பாதைகளிலும்தான். கணக்கில் மதிப்பெண் ஏறும் என்ற எண்ணத்தில் சேர்த்தால் ஏமாந்துபோவீர்கள். குழந்தைக்கு இசை வர வேண்டும் என்று சேர்த்தால் ஏமாற மாட்டீர்கள்.

இனி விரிவாக. நான் செவித்திறன் பரிசோதனை செய்யும் வேலையில் இருக்கிறேன். குழந்தைகளின் காதும் பேச்சும்தான் என் அன்றாடம். என் தங்கை வயலின் சொல்லித்தருகிறாள். இரண்டு பக்கத்தையும் கிட்ட இருந்து பார்க்கிற வாய்ப்பு எனக்கு இருப்பதால் இந்தக் கேள்வி எப்போது வந்தாலும் விட மனம் வராது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை தங்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழு வயதுப் பையன் ஒருவன், சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். தரையில் சம்மணம் போட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசை வாசித்துக்கொண்டிருந்தான். முதல் காலம் ஒழுங்காகப் போனது. இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்கு வந்ததும் 'க' என்ற காந்தார சுரத்தில் விரல் ஒரு மயிரிழை கீழே விழுந்தது. தங்கை வாயைத் திறக்கவில்லை. பையனின் புருவம் சுருங்கியது. விரல் தானாக மேலே நகர்ந்து சுருதியோடு போய் ஒட்டிக்கொண்டது. எல்லாம் அரை நொடிக்குள் முடிந்துவிட்டது. அவன் தாளத்தைக்கூட விடவில்லை.

அந்த அரை நொடிக்குள் நடந்ததுதான் இந்தப் பதில் முழுவதற்கும் அடிப்படை. வீணையில் மெட்டு எனப்படும் குறுக்குக் கம்பிகள் இருக்கின்றன. விரல் வைக்க ஓர் இடம் கண்ணுக்குத் தெரியும். வயலினில் மெட்டு கிடையாது. விரலுக்கு வழி சொல்வது காது மட்டும்தான். வர வேண்டிய ஒலி எப்படி இருக்கும் என்று மூளை முன்கூட்டியே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. வந்த ஒலி அதோடு பொருந்தவில்லை. எவ்வளவு பிசகு, மேலேயா கீழேயா என்று கேட்கும் பகுதி, விரலை அசைக்கும் பகுதிக்குத் தகவல் அனுப்புகிறது. விரல் திருத்துகிறது. திருத்திய ஒலி மறுபடி காதுக்கு வருகிறது. ஒரு பாடத்தில் இந்தச் சுற்று நூற்றுக்கணக்கான முறை நடக்கும். வலது கை வில்லை வேறொரு வேலையாக இழுத்துக்கொண்டிருக்கும். மனம் தாளத்தின் எட்டு அட்சரத்தையும் எண்ணிக்கொண்டிருக்கும். விளையாட்டு, ஓவியம், நாட்டியம் எல்லாமே மூளைக்கு வேலை கொடுப்பவைதான். ஆனால் காதையும் கையையும் நேரத்தையும் இவ்வளவு நெருக்கமாகக் கட்டிப்போடும் வேலை குழந்தை வாழ்க்கையில் வேறு அதிகம் இல்லை.

"மூளை வளர்கிறது" என்றதும் மண்டைக்குள் எல்லாமே பெரிதாகிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. நரம்பணுக்களுக்கு இடையே இணைப்புகள் கூடுகின்றன, அடிக்கடி பயன்படும் இணைப்புகள் வலுப்படுகின்றன. நீண்ட நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை படிகிறது. அந்த உறை தடித்தால் தகவல் வேகமாகவும் நேரம் பிசகாமலும் போகும். நாள்தோறும் ஆட்கள் நடக்கும் ஒற்றையடிப் பாதை அகலமாவதைப் போல, போக்குவரத்து நடக்கும் பாதைதான் வளர்கிறது. நடக்காத பாதை வளராது. இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி வரும் ஆய்வுகள் எல்லாம் எளிதாகப் புரியும்.

1995இல் ஜெர்மனியில் தாமஸ் எல்பர்ட் என்பவரின் குழு ஒரு சோதனை செய்தது. வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் ஒன்பது பேரை அழைத்து, விரல்களை மெதுவாகத் தொட்டு, மூளையில் அந்தத் தொடுதல் எங்கே எவ்வளவு பலமாகப் பதிவாகிறது என்று பார்த்தார்கள். தந்தியை அழுத்தும் இடது கை விரல்களுக்கான பதிவு, வாத்தியம் வாசிக்காதவர்களைவிடப் பலமாக இருந்தது. வில் பிடிக்கும் வலது கையில் அந்த வித்தியாசம் இல்லை. எவ்வளவு சிறிய வயதில் தொடங்கினார்களோ அவ்வளவுக்கு இடது கைப் பதிவும் பலமாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். ஒரே ஆள், ஒரே மூளை, இரண்டு கைகள்; எந்தக் கையின் விரல்கள் தனித்தனியாக உழைத்தனவோ அந்தக் கைக்குத்தான் மூளை இடம் ஒதுக்கியிருக்கிறது.

அதே ஆண்டில் காட்ஃபிரீட் ஷ்லாக்கும் அவருடைய சகாக்களும் 30 இசைக் கலைஞர்களையும், இசைப் பயிற்சி இல்லாத 30 பேரையும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலம் ஒன்று இருக்கிறது, கார்பஸ் கலோசம் என்பார்கள். சுமார் 20 கோடி நரம்பிழைகள் அதன் வழியாகப் போகின்றன. ஏழு வயதுக்கு முன் இசை தொடங்கியவர்களுக்கு அந்தப் பாலத்தின் முன்பாதி பெரிதாக இருந்தது. இரண்டு கைகளும் வெவ்வேறு வேலையைச் செய்துகொண்டே ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்றால் இந்தப் பாலத்தில் போக்குவரத்து அதிகமாகத்தானே இருக்கும்.

சரி, இங்கே நியாயமான ஒரு சந்தேகம் வரும். பாலம் பிறவியிலேயே பெரிதாக இருந்த குழந்தைகளுக்குத்தான் வாத்தியம் சுலபமாக வந்து, அவர்கள்தான் கலைஞர்கள் ஆனார்களோ? வளர்ந்தவர்களை மட்டும் ஸ்கேன் செய்தால் இதற்குப் பதில் கிடைக்காது. வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் ஒரு முறை, கற்ற பிறகு ஒரு முறை என்று அதே குழந்தைகளைப் பார்க்க வேண்டும்.

அதைத்தான் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் செய்தார்கள். கிரிஸ்டா ஹைட், ஷ்லாக் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏறக்குறைய உங்கள் மகள் வயதுக் குழந்தைகள். 15 பேர் வாரம் அரை மணி நேரம் தனியாகக் கீபோர்டு கற்றார்கள். 16 பேர் பள்ளியில் எல்லோரும் சேர்ந்து பாடும், மணியடிக்கும் சாதாரண இசை வகுப்போடு நின்றார்கள். தொடங்கும்போது இரு குழுக்களின் மூளையிலும் வித்தியாசம் இல்லை. 15 மாதம் கழித்துப் பார்த்தபோது, கீபோர்டு கற்றவர்களுக்குக் கையை அசைக்கும் பகுதி, அந்தப் பாலம், வலப்பக்கத்தில் ஒலியை முதலில் வாங்கிக்கொள்ளும் பகுதி ஆகியவற்றில் மாற்றம் கூடுதலாக இருந்தது. யாருக்கு மாற்றம் அதிகமோ அவர்களுக்கு விரல் ஓட்டமும், மெட்டையும் தாளத்தையும் பிரித்துக் கேட்கும் திறனும் அதிகம் தேறியிருந்தது. சொல்வளம், துண்டுகளைச் சேர்த்து வடிவம் அமைப்பது போன்ற சோதனைகளில் அப்படி ஒரு வித்தியாசம் வரவில்லை. இந்தக் கடைசி வரியைத்தான் விளம்பரங்கள் எப்போதும் விட்டுவிடுகின்றன.

இந்த ஆய்விலும் ஒரு குறை உண்டு. கீபோர்டு கற்கும் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை, விரும்பியவர்கள் கற்றார்கள். அதனால் இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்வீடனில் ஃப்ரெட்ரிக் உலேன் குழு ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களில் ஒன்பது ஜோடிகளைத் தேடிப் பிடித்தது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் பியானோ வாசிப்பவர், மற்றவர் வாசிக்காதவர். மரபணு ஒன்று, வளர்ந்த வீடு ஒன்று. அப்படியும் பியானோ வாசித்தவரின் மூளையில் கேட்பதற்கும் கையசைவுக்கும் உரிய பகுதிகளில் வித்தியாசம் தெரிந்தது. 2018இல் இதை வெளியிட்டார்கள். பயிற்சிதான் மூளையை மாற்றுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது கடினம்.

ஏழு வயது என்று மேலே ஒரு கணக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு எட்டு வயதுப் பிள்ளையின் அம்மாக்கள் என்னிடம் கலங்கிப்போய்க் கேட்பதுண்டு. கனடாவின் மாண்ட்ரியலில் இதைத் தனியாக ஆராய்ந்தார்கள். மொத்தம் எத்தனை ஆண்டு பயின்றார்கள் என்பதில் சமமாக இருக்கும் கலைஞர்களை எடுத்துக்கொண்டு, ஏழுக்கு முன் தொடங்கியவர், பின் தொடங்கியவர் என்று பிரித்தார்கள். முன்னால் தொடங்கியவர்களுக்குப் பாலத்தின் இழைகள் நன்கு அமைந்திருந்தன. தாளத்தோடு விரலைச் சேர்ப்பதிலும் அவர்கள் துல்லியமாக இருந்தார்கள். ஆறு முதல் எட்டு வயதுவரை அந்தப் பாலம் வேகமாக முதிரும் காலம், அப்போது கொடுக்கும் பயிற்சி ஆழமாகப் பதிகிறது என்பது அவர்களின் விளக்கம். ஆனால் ஏழாவது பிறந்தநாளோடு கதவு மூடிவிடாது. இசையே தெரியாத பெரியவர்களுக்கு ஐந்து நாள் மட்டும் ஒரு சிறிய பியானோ மெட்டைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் அவர்கள் கையை அசைக்காமல் அந்த மெட்டைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாலே, மூளையில் அசைவுக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன. கற்காத மெட்டுக்கு அந்த அளவுக்கு விழிக்கவில்லை. ஐந்தே நாளில் காதுக்கும் கைக்கும் உறவு உண்டாகிவிடுகிறது. ஐம்பது வயதில் தொடங்குகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

வயதைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பயமும் தொற்றிக்கொள்கிறது. எந்த ஒலியைக் கேட்டாலும் அது எந்தச் சுரம் என்று ஒப்பிடாமலே சொல்லும் திறன் சிலருக்கு உண்டு. அது பெரும்பாலும் மிகச் சிறிய வயதில் தொடங்கினால்தான் வரும். ஆனால் கர்நாடக இசைக்கு அது தேவையே இல்லை. நம் 'ஸ' நிலையான ஓர் இடத்தில் இல்லை. ஒருவர் ஒரு கட்டை என்ற சுருதி உயரத்தில் பாடுவார், இன்னொருவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். அவரவர் வைத்த ஆதார சுருதியிலிருந்துதான் மற்ற சுரங்கள் எல்லாம் பிறக்கின்றன. ஒன்றை வைத்து மற்றொன்றின் தூரத்தை அளப்பதுதான் நம் குழந்தைகளின் காதுக்குக் கிடைக்கும் பயிற்சி. அது எந்த வயதிலும் வரும்.

இனி பேச்சுக்கு வருகிறேன். என் வேலை இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

'பல்', 'கல்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு சொல்லிலும் வித்தியாசம் தொடக்கத்தில் ஒரு நொடியை நூறாகப் பிரித்தால் அதில் சில பங்கு நேரம் மட்டும்தான் இருக்கிறது. பிறகு வரும் ஒலி இரண்டிலும் ஒன்று. மின்விசிறியும் குக்கரும் தொலைக்காட்சியும் சேர்ந்து இரையும் வீட்டில், இரைச்சலான வகுப்பறையில், அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்தாக வேண்டும். காது நன்றாகக் கேட்கும், ஆனால் வகுப்பில் ஆசிரியர் சொல்வது பிடிபடவில்லை என்று அழைத்து வரப்படும் குழந்தைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். இசை இதற்கு உதவுமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் ஹார்மனி ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, வருமானம் குறைந்த வீட்டுக் குழந்தைகளுக்கு இலவசமாக வாத்தியமும் வகுப்பும் தருகிறது. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் நீனா கிராஸ் அந்தக் குழந்தைகளின் மூளை, பேச்சொலிகளுக்கு எப்படி எதிர்வினை தருகிறது என்று தலையில் மின்முனை ஒட்டி அளந்தார். ஓராண்டு கற்றவர்களிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை. இரண்டு ஆண்டு கற்றவர்களின் மூளை, நெருக்கமான இரண்டு அசைகளை இன்னும் தெளிவாகப் பிரித்தது. 2014இல் வந்த முடிவு இது. பெய்ஜிங்கில் 2018இல் வெளியான ஆய்வில் நான்கைந்து வயதுக் குழந்தைகள் 74 பேரை மூன்றாகப் பிரித்தார்கள்: ஆறு மாதம் பியானோ ஒரு குழுவுக்கு, கூடுதல் வாசிப்புப் பயிற்சி ஒரு குழுவுக்கு, மூன்றாவது குழுவுக்கு இரண்டும் இல்லை. சீன மொழியில் சுரம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். பியானோ குழுவின் மூளை அந்தச் சுர வித்தியாசங்களுக்கு நுட்பமாக எதிர்வினை காட்டியது. மெய்யொலிகளைப் பிரிப்பதிலும் தேறியது. நுண்ணறிவில் மூன்று குழுக்களும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அஸால் ஹபீபியும் டமாசியோ தம்பதியும் 2012இல் தொடங்கிய ஆய்வையும் சொல்ல வேண்டும். ஒத்த பின்னணி உள்ள ஆறேழு வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதி லாஸ் ஏஞ்சலஸ் இளையோர் இசைக்குழுவில் வாசித்தார்கள், ஒரு பகுதி விளையாட்டுப் பயிற்சியில் இருந்தார்கள், மீதிப் பேர் எதிலும் இல்லை. இரண்டு ஆண்டில் இசைக் குழுவின் கேட்கும் பாதை மற்ற இரு குழுக்களைவிட வேகமாக முதிர்ந்திருந்தது. விளையாடிய குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தது எனக்குப் பிடிக்கும். 'ஏதோ ஒரு வகுப்புக்குப் போனாலே இது வந்திருக்குமே' என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது.

இதெல்லாம் படித்துவிட்டு நான் பல ஆண்டுகள் பெற்றோரிடம் உறுதியாகவே பேசிக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறேன். காரணம் உண்டு. ஒலி காதிலிருந்து மூளைத்தண்டு வழியாக மேலே போகிறது. அந்தத் தண்டிலேயே இசைக் கலைஞர்களுக்கு ஒலி கூர்மையாகப் பதிகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. எல்லாம் சிறிய எண்ணிக்கையில் செய்தவை. ஆறு பல்கலைக்கழகங்களின் ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து 260க்கும் மேற்பட்டவர்களிடம் அதையே திரும்பச் செய்து 2025இல் வெளியிட்டன. வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் சோதித்தது வளர்ந்தவர்களை. மூளையின் மேற்பகுதியில் நடக்கும் மாற்றங்களை இது பொய்யாக்கவில்லை. ஆனாலும், இரைச்சலில் பேச்சு பிடிபடாத குழந்தைக்கு வயலின்தான் மருந்து என்று இன்று நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். பேச்சுப் பயிற்சி வேண்டிய குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சிதான் முதலில். இசை கூடவே வரட்டும்.

தாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று நான்கு வயதில் கேட்கும் தாளத்தோடு சேர்ந்து தட்ட முடிகிற குழந்தைகள், சொல்லை அசை அசையாகப் பிரித்துக் கேட்பதிலும் நன்றாக இருக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறார்கள். எது எதனால் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பேச்சும் நேரத்தில் ஓடும் சங்கதிதான் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வயலின் வகுப்பில் கையில் தாளம் போட்டு 'தகதிமி', 'தகிட' சொல்லவைக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

இனி நாத்தனாரின் கணக்குப் பாடம்.

இந்த நம்பிக்கை ஊரெல்லாம் பரவ ஒரு பெரிய காரணம் 1993இல் வந்த ஒரு பக்கக் கட்டுரை. கல்லூரி மாணவர்கள் 36 பேர், பத்து நிமிடம் மொஸார்ட்டின் பியானோ இசையைக் கேட்டார்கள். பிறகு தாளை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது போன்ற வடிவச் சோதனையில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. அவர்கள் குழந்தைகள் இல்லை, வாத்தியம் கற்கவும் இல்லை. அதற்குள் செய்தி 'மொஸார்ட் கேட்டால் அறிவு வளரும்' என்று மாறி, 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஸெல் மில்லர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு தர 1,05,000 டாலர் ஒதுக்கக் கேட்கும் அளவுக்குப் போனது. பின்னால் வந்த ஆய்வுகள், பிடித்த எதைக் கேட்டாலும் மனம் உற்சாகமாகி அந்தச் சிறு பலன் வரும் என்று காட்டின. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஹெட்போன் வைக்கும் வழக்கம் பரவவும் இது ஒரு காரணம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அம்மாவின் குரல் குழந்தைக்கு உள்ளேயே கேட்கிறது. நீங்கள் பாடினால் போதும்.

வாத்தியம் கற்பது கேட்பதைவிட எவ்வளவோ பெரிய வேலை. அதையும் சோதித்தார்கள். டொராண்டோவில் கிளென் ஷெலன்பெர்க் 2004இல் வெளியிட்ட ஆய்வு: ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேர், சீட்டுக் குலுக்கிக் கீபோர்டு, வாய்ப்பாட்டு, நாடகம், எதுவும் இல்லை என்று நான்கு குழு, 36 வாரம். பள்ளியில் சேரும் வயது என்பதால் எல்லோருக்கும் நுண்ணறிவு எண் ஏறியது. இசைக் குழுக்களுக்குச் சராசரி 7 புள்ளி, மற்றவர்களுக்கு 4.3. இடைவெளி மூன்று புள்ளிகூட இல்லை. நாடகம் கற்ற குழந்தைகளுக்குத்தான் பிறரோடு பழகும் விதம் நன்றாக ஆனது. இது நல்ல ஆய்வு. ஆனால் 2013இல் ஹார்வர்டில் நான்கு வயதுக் குழந்தைகளிடம் இரண்டு முறை சீட்டுக் குலுக்கிச் செய்தபோது, ஆறு வார இசை வகுப்பால் அறிவுத்திறனில் பலன் எதுவும் கிடைக்கவில்லை. 2020இல் சாலா, கோபே என்ற இருவர் 54 ஆய்வுகளை, 6,984 குழந்தைகளின் கணக்கை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். ஒழுங்காகக் குலுக்கிப் பிரித்து, மற்றக் குழுவுக்கும் வேறொரு வேலை கொடுத்துச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால், நினைவாற்றல், கணக்கு, படிப்பு எதிலும் பலன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அப்படியானால் பாட்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்களே என்பீர்கள். படிக்கிறார்கள்தான். வாரம் இரண்டு நாள் வகுப்புக்குக் கூட்டிப்போக நேரமும் பணமும் உள்ள வீடு, பிள்ளையின் படிப்பையும் கவனிக்கும் வீடாகத்தான் இருக்கும். ஒரே வரிசையை நூறு முறை சலிக்காமல் வாசிக்கும் குணம் உள்ள குழந்தை, பெருக்கல் வாய்ப்பாட்டையும் அப்படித்தான் படிக்கும். ஸ்வீடனில் இரட்டையர்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வில் இதையும் பார்த்தார்கள். ஒரே கருவில் பிறந்த இருவரில் அதிகம் பயிற்சி செய்தவருக்கு நுண்ணறிவு எண் கூடுதலாக இல்லை.

இதைக் கேட்டு மாமனார் 'நான் அப்போதே சொன்னேனே' என்று சொல்லக்கூடும். அவரிடம் ஒன்று சொல்லுங்கள். மேலே சொன்ன எந்த ஆய்விலும் இசை வகுப்பால் குழந்தையின் படிப்பு கெட்டது என்று முடிவு வரவில்லை. நாளுக்கு இருபது நிமிடம் வாசிப்பதால் எந்தப் பாடமும் நின்றுபோகாது. கிரிக்கெட் ஆடும் பேரனிடம் 'இதனால் அறிவியலில் எத்தனை மதிப்பெண் கூடும்' என்று யாரும் கேட்பதில்லை. இசையிடம் மட்டும் ஏன் கணக்கு கேட்க வேண்டும்? எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. மதிப்பெண்ணுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகள் ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ வந்ததும், படிப்புக்கு நேரம் இல்லை என்ற பெயரில் நிறுத்தப்படுகிறார்கள். தங்கையிடம் வர்ணம் வரைக்கும் வந்த ஒரு பெண் அப்படித்தான் போனாள். கடைசி வகுப்பில் வயலினைத் துடைத்து, வில்லின் திருகைத் தளர்த்தி, பெட்டியில் வைத்து மூடிவிட்டு வெகுநேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பயிற்சியால் வரும் மாற்றம் எப்போதும் நல்லதாகவே இருக்கும் என்றும் இல்லை. வருடக்கணக்கில் விரல்களை ஓயாமல் விரட்டும் தொழில்முறைக் கலைஞர்கள் சிலருக்கு, மூளையில் பக்கத்துப் பக்கத்து விரல்களின் இடங்கள் ஒன்றோடொன்று கலந்துபோய், ஒரு விரலை நினைத்தால் இன்னொன்றும் மடங்கும் நிலை வருகிறது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1960களின் நடுவில் வலது கையின் இரு விரல்கள் இப்படி மடங்கிக்கொண்டன. பல பத்தாண்டுகள் இடது கைக்கென எழுதப்பட்ட இசையையே வாசித்தார், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், இசைக்குழுக்களை நடத்தினார். குழந்தைகளுக்கு இந்தப் பயம் வேண்டாம். தோளும் மணிக்கட்டும் இறுகாமல் வாசிக்கச் சொல்லும் ஆசிரியர்தானா என்று மட்டும் பாருங்கள். வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

சேர்ப்பதாக முடிவு செய்தால், வாரம் ஒரு நாள் வகுப்போடு விடாதீர்கள். தினமும் பதினைந்து இருபது நிமிடம் வீட்டில் வாசிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதைவிட அதுதான் ஒட்டும். தூங்கி எழுந்து தூங்கி எழுந்துதான் மூளை பாடத்தைக் கெட்டிப்படுத்திக்கொள்கிறது. ஹார்மனி ப்ராஜெக்ட் கணக்கை மறக்க வேண்டாம். முதல் ஓராண்டில் அளவீட்டில் எதுவுமே தெரியவில்லை. ஆறாவது மாதத்தில் 'ஒன்றும் வரவில்லையே' என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். வயலின்தான் என்ற கட்டாயமும் கிடையாது. பாட்டு, மிருதங்கம், பறை, கீபோர்டு, எதில் குழந்தையின் கை தானாகப் போகிறதோ அதுவே நல்லது. பாட்டைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பது பயிற்சியில் சேராது. குழந்தையே ஒலியை உண்டாக்கி, தானே கேட்டுத் திருத்த வேண்டும். ஆன்லைன் வகுப்பு என்றால் ஆசிரியரும் மாணவியும் சேர்ந்து வாசிக்க முடியாது, ஒலி தாமதமாக வரும். அதனால் சுருதிப் பெட்டி ஆசிரியர் வீட்டில் ஒலித்துப் பயனில்லை, உங்கள் வீட்டில் குழந்தையின் பக்கத்தில் ஒலிக்க வேண்டும்.

ஓராண்டு போகட்டும். அப்புறம் ஒரு நாள் மாலை, அவள் பிருடையைத் திருகிச் சுருதி சேர்த்து முடித்த பிறகு, நீங்கள் போனில் ஓடும் தம்புராவை அரைக் கட்டை மட்டும் உயர்த்தி வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். வில்லை இழுத்த உடனே அவள் நிறுத்திவிட்டு, நிமிர்ந்து பார்த்து, "அம்மா, சுருதி சேரலையே" என்று சொல்கிறாளா பாருங்கள். சொன்னால் மாமனாரையும் கூப்பிட்டு இன்னொரு முறை செய்து காட்டுங்கள்.